பாட்டன் பேரை எழுதி வையுங்கள்



இந்த முறை நமது பாடம் சுகாதாரம் பற்றியதல்ல, சேமிப்புப் பற்றியதும் அல்ல. நமது தகப்பன் வழியைப் பற்றியது. ஏன் இதை எடுத்துக்கொண்டோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். அவருடைய தாத்தாவின் அண்ணன் 1970களில் ஒப்பந்தத்தில் பேர் வந்து, பெண்சாதி பிள்ளைகளோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியா போனவர். இரண்டு மூன்று கடிதம் வந்தது. அதற்குப் பிறகு தொடர்பு விட்டுப்போய்விட்டது. இப்போது கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் டெலிபோனில் பேசியிருக்கிறார். "நாங்க அந்தக் குடும்பம்தான்னு நெனைக்கிறோம். டி.என்.ஏ. சோதனை செஞ்சு பாத்தா தெரிஞ்சிடும்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி ஒன்னு கேக்கணும். ஒங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன?"

தம்பிக்குத் தெரியவில்லை. அவருடைய அப்பாவுக்கும் தெரியவில்லை. "அப்பாயிக்குத் தெரிஞ்சிருக்கும் சார். அவங்க கார்த்திகை மாசந்தான் தவறிட்டாங்க" என்றார்.

இரண்டு மாதம் முந்திக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் கிடைத்திருக்கும் பேர். இதுதான் இந்தப் பாடத்துக்குக் காரணம்.

1. சோதனை எதைப் பார்க்கிறது?

நமது உடம்பின் கலங்களுக்குள் 23 சோடி நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது, ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது. அவற்றில் ஒரு சோடிதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது. பெண்ணுக்கு அது இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு வை. ஆக, வை நிறமூர்த்தம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். மகளுக்குப் போகாது.

அது அநேகமாக மாறாமலே இறங்கி வரும். தாத்தாவிடம் இருந்ததுதான் அப்பாவிடம் இருக்கும், அப்பாவிடம் இருந்ததுதான் மகனிடம் இருக்கும். எப்போதாவது ஒரு தலைமுறையில் சின்ன மாற்றம் ஏற்படும். சோதனைக்காரர்கள் அந்த வை நிறமூர்த்தத்தில் குறிப்பிட்ட சில இடங்களைப் பார்த்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரே துண்டு எத்தனை தரம் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுகிறார்கள். 37 இடம் பார்த்தால் 37 இலக்கம் வரும். இரண்டு ஆண்களின் இலக்கங்களை வைத்துப் பார்க்கும்போது எல்லாமே ஒன்றாக இருந்தால், அல்லது ஒன்றில் மாத்திரம் வித்தியாசம் இருந்தால், அந்த இரண்டு பேருக்கும் தகப்பன் வழியில் ஒரே பாட்டன் இருந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். பல இடங்களில் வித்தியாசம் இருந்தால் கிட்டத்தில் ஒரே பாட்டன் இல்லை. 12 இடம் மட்டும் பார்க்கிற சோதனை போதாது. சம்பந்தமே இல்லாத இரண்டு பேருக்கும் அது ஒத்துப் போகலாம்.

இன்னொரு வகைச் சோதனையும் இருக்கிறது. அது அப்பா வழி, அம்மா வழி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. ஆண், பெண் யாரும் செய்யலாம். ஆனால் நம்மவர்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் மாமன் மகளைக் கட்டுவோம், அத்தை மகனைக் கட்டுவோம். இரண்டு மூன்று தலைமுறை இப்படிச் சொந்தத்துக்குள்ளேயே கட்டியிருந்தால், தூரத்துச் சொந்தம்கூட அந்தச் சோதனையில் கிட்டத்துச் சொந்தம் மாதிரித் தெரியும். வை சோதனையில் அந்தக் குழப்பம் வராது. அது தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று ஒரே ஒரு கோட்டில்தான் போகும்.

2. சோதனை எதைச் சொல்லாது?

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சோதனை இலக்கத்தைத்தான் தரும். பேரைத் தராது. ஊரைச் சொல்லாது. சாதியையும் சொல்லாது. எந்தக் கங்காணியோடு வந்தோம், எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தோம் என்று எதையும் சொல்லாது. இரண்டு பேருக்கு ஒரே பாட்டன் என்றுதான் சொல்லும், அந்தப் பாட்டன் மூன்றாம் தலைமுறையா எட்டாம் தலைமுறையா என்றுகூட உறுதியாகச் சொல்லாது.

வெள்ளைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அவர்களுடைய குடும்பப் பேர் அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது, வை நிறமூர்த்தமும் அதே வழியில் போகிறது. ஒரே குடும்பப் பேர் உள்ளவர்கள் சேர்ந்து சோதனை செய்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேரின் முதல் எழுத்துத்தான் நமக்கு முன்னெழுத்து. ஒவ்வொரு தலைமுறைக்கும் அது மாறிவிடும். ஆகவே நமது பக்கத்தில் எழுதி வைத்த வரிசை இல்லாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய இலக்கம் வெறும் இலக்கமாகத்தான் கிடக்கும்.

நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களுக்குக் கப்பல் பதிவேடு இருக்கிறது. அதில் ஆள் பேர், அப்பா பேர், ஊர், ஜில்லா எல்லாம் எழுதியிருக்கிறார்கள். நம்முடைய முன்னோர் கங்காணி கணக்கில் கூட்டமாக நடந்து வந்தவர்கள், பிற்காலத்தில் மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள். அந்த மாதிரி ஆளுக்கு ஒரு வரி எழுதிய புத்தகம் நமது வீடுகளில் அநேகருக்குக் கிடைப்பதில்லை. நமக்குப் புத்தகம் நமது பெரியவர்களுடைய ஞாபகம்தான்.

3. பாட்டன் பேர் தெரியாததால் வந்த நட்டம்

தகப்பன் வழியை எழுதி வைப்பது வெறும் ஆசைக்கு அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இங்கே பிறந்தவர் வம்சாவளிப் பிரசை ஆக வேண்டுமானால் அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும், அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த பல பேரிடம் அதைக் காட்டுவதற்குக் கடதாசி இருக்கவில்லை. லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் அக்கரையில், தம்பி இக்கரையில் என்று வீடுகள் பிரிந்தது அப்போதுதான். மிச்சமிருந்த பிரசாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது.

அந்தச் சட்டம் நியாயமா என்பது வேறு கதை. பாட்டன் பேரைச் சட்டம் கேட்டபோது நமது கையில் ஒன்றும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. இன்றைக்குப் பிரிந்தவர்கள் நம்மைத் தேடுகிறார்கள். அவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

4. எப்படி எழுதுவது?

ஒரு மொத்தக் கொப்பி வாங்குங்கள். நம்மிலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும். மேலே இருந்து கீழே வரக் கூடாது. "எங்க முன்னோர் இன்ன ராஜா பரம்பரை" என்று ஆரம்பித்தால் நடுவில் கயிறு அறுந்துவிடும்.

பாட்டன், பூட்டன், ஓட்டன் என்ற சொற்களை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள். அதனால் இலக்கம் போடுங்கள். கீழே உள்ளது உதாரணம் மாத்திரமே:

1. நான் - ரமேஷ்குமார், பிறப்பு 1985. பிறப்புச் சான்றிதழ் உண்டு.
2. அப்பா - பெரியசாமி, பிறப்பு 1957. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை உண்டு.
3. அப்பாவின் அப்பா - வீரன், சுமார் 1930. அப்பாவின் சான்றிதழில் பேர் உண்டு. இறந்தது 1991.
4. அவருடைய அப்பா - பெரியசாமி, சுமார் 1900. துறையூர்ப் பக்கம் என்று அப்பாயி சொன்னது. கடதாசி இல்லை.

ஒவ்வொரு வரிக்கும் எதிரில் 'யார் சொன்னது, எந்தக் கடதாசி' என்று எழுத வேண்டும். இதுதான் முக்கியம். கடதாசியில் பார்த்ததும் காதால் கேட்டதும் ஒன்றல்ல. கேட்டதைக் கேட்டது என்றே எழுதுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். தெரியாததை ஊகித்து எழுதிவிட்டால் உங்கள் பேரப்பிள்ளை அதை உண்மை என்றே நம்பும்.

ஒவ்வொருவருக்கும் கூடப் பிறந்த ஆண்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே போனார்கள் என்றும் எழுதுங்கள். சோதனைக்கு ஆள் தேடும்போது அந்தக் கிளைகள்தான் உதவும்.

வருஷம் தெரியாவிட்டால் ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 வருஷம் என்று போட்டுப் பாருங்கள். மேலே உள்ள உதாரணத்தில் ஐந்தாவது ஆள் சுமார் 1870இல் பிறந்திருப்பார். கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்தில் வாலிபனாக இருந்திருப்பார். கடல் தாண்டி வந்தது அவரா, அவருடைய மகனா என்று அப்போது கேட்கத் தோன்றும்.

5. பேரில் வரும் குழப்பங்கள்

முதலாவது, தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது நமது வழக்கம். பேரன் என்ற சொல்லே அதிலிருந்து வந்தது என்பார்கள். அதனால் பெரியசாமி மகன் வீரன், வீரன் மகன் பெரியசாமி என்று மாறி மாறி வரும். இரண்டு பெரியசாமியை ஒரே ஆள் என்று எடுத்தால் நடுவில் ஒரு தலைமுறையே காணாமல் போய்விடும்.

இரண்டாவது, செக்ரோலில் ஒரு பேர், வீட்டில் கூப்பிடுகிற பேர் ஒன்று, பட்டப் பேர் ஒன்று. மூன்றையும் எழுதுங்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதால் அண்ணன் தம்பி பேரில்கூட அப்பா பேர் இரண்டு விதமாக இருக்கும். திருத்தாதீர்கள். கடதாசியில் உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தோட்டத்துக்கும் இரண்டு பேர் உண்டு. துரைமார் வைத்த பேர் ஒன்று, நமது ஆட்கள் சொல்கிற தமிழ்ப் பேர் ஒன்று. டிவிசன் பேரோடு சேர்த்து இரண்டையும் எழுதுங்கள்.

நான்காவது, இந்தியாவில் ஜில்லாக்கள் பிரிந்துவிட்டன. தாத்தா 'சேலம் ஜில்லா நாமக்கல்' என்று சொல்லியிருந்தால் அது 1997 முதல் நாமக்கல் மாவட்டம். 'திருச்சி ஜில்லா கரூர்' என்றால் 1995 முதல் கரூர் மாவட்டம். 'மதுரை ஜில்லா திண்டுக்கல்' என்றால் 1985 முதல் திண்டுக்கல் மாவட்டம். பழைய பேரை அப்படியே எழுதி, பக்கத்தில் புதுப் பேரையும் எழுதுங்கள்.

6. எங்கே தேடுவது?

வீட்டில் இருந்தே தொடங்குங்கள். டிரங்குப் பெட்டியில் இருக்கும் பிறப்பு, மரணச் சான்றிதழ்கள். பழைய பிறப்புச் சான்றிதழ்ப் படிவத்தில், பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பேர், பிறந்த வருஷம், இடம் எழுதுவதற்கு ஒரு நிரல் இருக்கிறது. பல பேர் அதைப் பார்த்ததே இல்லை. சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பம் போடலாம். பிரசாவுரிமைச் சான்றிதழ், அதற்காகக் கொடுத்த சத்தியக் கடதாசி, பழைய இந்தியப் பாஸ்போர்ட், சேமலாப நிதிக் கடதாசி, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் பாருங்கள். கல்யாணப் பத்திரிகையில் 'இன்னாரின் பேரனும்' என்று போட்டிருப்பார்கள்.

பித்தளைக் குடம், அண்டா, குத்துவிளக்கு இவற்றில் பேர் வெட்டியிருக்கும். மாரியம்மன் கோயில் மணியிலும் கல்லிலும் 'உபயம்' என்று பேர் இருக்கும். வேதக்கார வீடுகளுக்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. அதில் பெற்றோர் பேர் உண்டு. ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்கிற வீட்டில் எந்தப் பேர்களைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

குலதெய்வத்தை விடாதீர்கள். அது தகப்பன் வழியில் வருவது. எந்தச் சாமி, எந்த ஊர்க் கோயில் என்று தெரிந்தால் ஊரின் திசை தெரியும். அதே சாமியைக் கும்பிடுகிற பங்காளி வீடுகள் எவை என்றும் எழுதுங்கள். ஆனால் ஒரே சாமி என்பதால் ஒரே பாட்டன் என்று முடிவு கட்ட வேண்டாம். அது ஒரு துப்பு மாத்திரம். சோதனை அந்தத் துப்பைச் சரிபார்க்க உதவும்.

7. பெரியவர்களிடம் கேட்பது

"ஒங்க பரம்பரையைச் சொல்லுங்க" என்று கேட்டால் ஒன்றும் வராது. சின்னச் சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். "அப்பாயி, நீங்க கல்யாணமாகி வந்தப்ப இந்த லயத்துல யாரு யாரு இருந்தா? மாமனாரை மத்தவங்க எப்படிக் கூப்பிடுவாங்க? அவரு கருமாதிக்கு எந்தத் தோட்டத்துல இருந்து பங்காளிங்க வந்தாங்க?" இப்படிக் கேட்டால் பேர் தானாக வரும்.

வீட்டுக்கு வாழ வந்த பெண்களை மறந்துவிடாதீர்கள். தகப்பன் வழி ஆண் வழியாகப் போனாலும், அதை ஞாபகம் வைத்திருப்பது அநேகமாக மருமகளாக வந்தவர்கள்தான். பிறந்த வீட்டுப் பெண்களுக்கும், அத்தைமாருக்கும், அண்ணன் தம்பி கதையெல்லாம் தெரியும். ஒரு தடவையில் எல்லாம் வராது. பின்னேரத்தில், கொழுந்து நிறுத்து முடிந்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் போங்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசுங்கள். களைத்தால் விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு போங்கள். ஆனால் அடுத்த வருஷம் என்று தள்ளாதீர்கள்.

8. சோதனை செய்வதானால்

வீட்டில் ஆண்தான் கொடுக்க வேண்டும். பெண்கள் தங்கள் அப்பா வழியைப் பார்க்க விரும்பினால் அப்பா, கூடப் பிறந்த அண்ணன் தம்பி, பெரியப்பா, சித்தப்பா, அவர்களுடைய மகன், இவர்களில் ஒருவர் கொடுக்கலாம். மகன் கொடுத்தால் அது அவனுடைய அப்பாவின் வழி, உங்களுடைய வழி அல்ல. தாய்மாமன் கொடுத்தால் அது அம்மாவின் அப்பா வழி. இதில்தான் பல பேர் பிழை விடுகிறார்கள்.

ஒருவர் மாத்திரம் செய்தால் பிரயோசனம் குறைவு. தாத்தாவின் வழியில் இங்கே ஒருவர், தாத்தாவின் அண்ணன் வழியில் அங்கே ஒருவர் என்று இரண்டு கிளையிலும் செய்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஊசி குத்துவது இல்லை. கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்புவது, அல்லது குழாயில் எச்சில் கொடுப்பது. அதற்கு முன் வெற்றிலை போடக் கூடாது, சாப்பிடக் கூடாது. எவ்வளவு நேரம் என்பது பெட்டியோடு வரும் தாளில் இருக்கும்.

நாலு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, இதற்காகக் கடன் வாங்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். கொப்பிதான் முதல், சோதனை பிறகு. இரண்டு, தபாலில் அனுப்புகிற இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு வழக்குப் பேசவோ, அடையாள அட்டை எடுக்கவோ, சேமலாப நிதி வாங்கவோ முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எச்சில் யாருடையது என்பதற்கு அங்கே சாட்சி இல்லை. மூன்று, அது உங்களுடைய விஷயம் மாத்திரம் அல்ல. அண்ணன் தம்பிகளுக்கும் அதே வைதான். அவர்களிடம் சொல்லிவிட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

நாலாவது, கொஞ்சம் மனசைத் தொடும் விஷயம். சில வீடுகளில் பிள்ளையைத் தூக்கி வளர்த்திருப்பார்கள். தாய் இரண்டாம் கல்யாணம் கட்டி, முதல் தாரத்துப் பிள்ளைக்கும் இரண்டாவது புருஷன் பேரையே பதிந்திருப்பார்கள். அந்த மாதிரி வீட்டில் இலக்கம் ஒத்துவராது. தெரிந்திருந்தால் கொப்பியில் 'பெற்ற அப்பா', 'வளர்த்த அப்பா' என்று இரண்டு வரியாக எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பேர் கொடுத்தவர் அப்பாதான். ஒரு இலக்கம் வந்து அதை மாற்றிவிடாது. வீட்டில் அப்படிப்பட்ட பேச்சைத் தாங்கும் மனநிலை இல்லாவிட்டால் சோதனையே வேண்டாம். கொப்பி மாத்திரம் போதும்.

9. இந்த மாதத்துக்கான வேலை

வரும் ஞாயிறு செய்ய வேண்டியது இவ்வளவுதான். கொப்பியில் நாலு வரி போடுங்கள்: நான், அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா. தெரிந்ததை எழுதுங்கள். தெரியாத வரியைக் காட்டி, தோட்டத்தில் வயதான ஒருவரிடம் கேளுங்கள். எழுதியதைப் பிள்ளைகளை விட்டு இன்னொரு பிரதி எடுத்து, வேறு வீட்டில் வையுங்கள். லயத்துக்கு நெருப்பும் வெள்ளமும் வருவது நமக்குப் புதிதல்ல.

முதலில் சொன்ன தம்பியும் ஒரு கொப்பி வாங்கினார். பக்கத்து டிவிசனில் தாத்தாவுக்குத் தங்கச்சி முறையில் ஒரு பாட்டி இருக்கிறார், வயது எண்பதுக்கு மேல். அவரிடம் இரண்டு ஞாயிறு போனார். இரண்டாவது ஞாயிறு பாட்டி தன்னுடைய பெரியப்பாவுக்கு இரண்டு பேர் சொன்னார். செக்ரோல் பேர் ஒன்று, கூப்பிடுகிற பேர் ஒன்று. கோயம்புத்தூர்க்காரர்கள் எழுதி வைத்திருந்தது அந்தக் கூப்பிடுகிற பேர்.

சோதனை இன்னும் செய்யவில்லை. செய்தால் அது நிச்சயமாகும், செய்யாவிட்டாலும் இப்போது இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பாட்டனின் அப்பா பேர் மாத்திரம் கொப்பியில் இன்னும் வெறுமையாக இருக்கிறது. பாட்டிக்கு அது ஞாபகம் வரவில்லை. "எங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும் சாமி" என்றாராம்.

உங்கள் வீட்டில் அந்த ஆத்தா இன்னும் உயிரோடு இருந்தால், இன்றைக்கே போய்க் கேளுங்கள்.